மதுக்கூட உரிமமும் சிவப்பு மைக் கோடும்

சென்ற ஆண்டு என் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எண்பது பேர் அமரக்கூடிய உணவகம் தொடங்குவதற்கு நல்ல தெருவில் இடம் பிடித்து, ஒன்பது ஆண்டுகளுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதி, முன்பணமும் கொடுத்துவிட்ட பிறகு, "பார் லைசென்ஸுக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?" என்று கேட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தமிழ்நாட்டில் தனித்து இயங்கும் உணவகத்துக்கு மது பரிமாறும் உரிமம் என்று ஒன்று கிடையாது என நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் தெருவுக்குத் தெரு பார்த்த மதுக்கூடத்துடன் கூடிய உணவகங்களை மனத்தில் வைத்துத்தான் அவர் இந்தத் திட்டத்தையே போட்டிருந்தார்.

அங்கே இருப்பது இங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. மது என்பது அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் எட்டாவது பதிவில் வருகிறது. ஆகவே உரிமத்தின் வகை, கட்டணம், வயது வரம்பு, கடை நேரம் ஆகிய அனைத்தும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கர்நாடகத்தில் சி.எல்.9 என்ற உரிமம் மதுக்கூடத்துடன் இயங்கும் உணவகங்களுக்கு உரியது. தங்கும் விடுதிகளுக்கு சி.எல்.7 என்று தனி உரிமம் உண்டு. மகாராஷ்டிரத்தில் பீருக்கு 21 வயது, விஸ்கி போன்ற கடும் மதுவகைகளுக்கு 25 வயது. உரிம ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பதுகூட வேறுபடும். கர்நாடகத்தில் அது ஜூலை முதல் ஜூன் வரை, நம்மிடம் ஏப்ரல் முதல் மார்ச் வரை.

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே இன்றும் அடிப்படை. சட்டத்தின் பெயரிலேயே மதுவிலக்கு இருப்பதை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். பொதுவான நிலை தடை. உரிமம் என்பது அந்தத் தடைக்கு அரசு தரும் விலக்கு. 1981ஆம் ஆண்டின் உரிம விதிகளின்படி எஃப்.எல்.2 மன்றங்களுக்கும், எஃப்.எல்.3 நட்சத்திரத் தகுதி பெற்ற ஓட்டல்களுக்கும், எஃப்.எல்.3ஏ சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல்களுக்கும் வழங்கப்படுகின்றன. இவை போக, டாஸ்மாக் கடைகளை ஒட்டிய பார்கள் ஒப்பந்தப்புள்ளி மூலம் விடப்படுகின்றன. நண்பரின் உணவகம் இவற்றில் எதிலும் அடங்காது.

தரகர் ஒருவர் அவரிடம் குறுக்கு வழி ஒன்றையும் சொல்லியிருந்தார். ஏற்கெனவே எஃப்.எல்.2 உரிமம் வைத்திருக்கும் மனமகிழ் மன்றம் ஒன்றை "எடுத்து நடத்தலாம்" என்பது அந்த யோசனை. எஃப்.எல்.2 உரிமம் இலாப நோக்கற்ற மன்றம் தன் உறுப்பினர்களுக்குப் பரிமாறுவதற்காகக் கொடுக்கப்படுவது. வாசலில் வருகிற யாருக்கும் அன்றைக்கே உறுப்பினர் அட்டை எழுதிக் கொடுத்து ஊற்றுகிற இடம், பெயருக்குத்தான் மன்றம். அதில் பணம் போடுகிறவர் அடுத்த சோதனை வரைக்கும்தான் நிம்மதியாக இருக்க முடியும். அதை அவருக்குத் திட்டவட்டமாகச் சொன்னேன். "வாடிக்கையாளரே பாட்டில் கொண்டு வந்தால் கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாமா?" என்றும் கேட்டார். உரிமம் இல்லாத இடத்தில் குடிக்க அனுமதித்தால் குடிப்பவரோடு இடத்தை நடத்துபவரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை விளக்கினேன். கடைசியில் அவர் மது இல்லாத உணவகமாகவே அதைத் திறந்தார். நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் வாடகையை அவர் ஒப்புக்கொண்டது மது விற்பனையின் வருமானத்தைக் கணக்குப் போட்டு. அந்த வித்தியாசத்தை இன்னும் சில ஆண்டுகள் அவர் சுமந்தாக வேண்டும்.

எனக்கு இந்த விதிகள் தெரிந்தது படித்ததால் அல்ல. மாநில நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு நகராட்சி எல்லைக்குள் இருந்த நட்சத்திர ஓட்டலில் கணக்கராகச் சேர்ந்து, பின்னர் உரிமங்கள் அனைத்துக்கும் பொறுப்பாளராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தேன். அந்த ஆண்டுகளில் நேர்ந்த தவறுகளில் பெரும்பாலானவை என் மேசையைக் கடந்துதான் போயின.

முதலில் எல்லோரும் நினைப்பதுபோல நானும் உரிமம் என்பது ஓட்டலுக்குக் கிடைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அது உண்மையில் ஒரு வரைபடத்துக்குக் கிடைப்பது. விண்ணப்பத்துடன் மதுக்கூடத்தின் வரைபடத்தை இணைக்க வேண்டும். பரிமாறும் இடம், இருப்பு அறை, நுழைவாயில், கழிப்பறை எல்லாம் அளவுகளோடு குறிக்கப்பட்டு, அனுமதி கோரும் பகுதியைச் சுற்றிச் சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுப்போம். மாவட்ட ஆட்சியர் வழியாக அறிக்கைகள் பெறப்பட்டு, சென்னையில் உள்ள மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையரிடம் கோப்பு போய்ச் சேரும். காவல்துறையின் அறிக்கை, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, உள்ளாட்சியின் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம், கட்டட அனுமதி என்று பின்னால் ஒரு வரிசையே நிற்கும். இவற்றில் ஏதேனும் ஒன்றில் கதவு எண்ணோ, நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தோ மாறியிருந்தால் கோப்பு திரும்பி வரும். எங்கள் கோப்பு ஒருமுறை திரும்பி வந்ததற்குக் காரணம், தொழில் உரிமத்தில் பழைய கதவு எண்ணும் கட்டட அனுமதியில் புதிய கதவு எண்ணும் இருந்ததுதான்.

அந்தச் சிவப்புக் கோட்டின் பொருள் எனக்கு 2014இல் புரிந்தது. எங்கள் ஓட்டலின் புல்வெளியில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சி. மதுக்கூடத்திலிருந்து புல்வெளிக்கு இருபது அடிதான் இருக்கும். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. விருந்தினர் கேட்டார்கள், விருந்து மேலாளர் ஒரு மேசையைப் போட்டு அங்கேயே பரிமாறச் செய்துவிட்டார். ஒன்பது மணிக்கு ஆய்வு வந்தது. வந்த அதிகாரி குரலை உயர்த்தவில்லை. கோப்பிலிருந்து எங்கள் வரைபடத்தின் நகலை எடுத்து மேசைமேல் விரித்து, அதன் முனை சுருளாமல் இருக்க ஒரு தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு, சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தார். "சார், இந்தக் கோடு இந்தக் கதவோடு முடிகிறது. நீங்கள் நிற்பது கதவுக்கு வெளியே" என்றார். அந்த இருபது அடிக்கு விளக்கம் கேட்கும் அறிவிப்பு வந்தது, பல வாரங்கள் அலைந்தோம், அபராதமும் கட்டினோம். உரிமம் தப்பியதற்குக் காரணம் அதுவரை எங்கள்மீது வேறு குறிப்பு ஏதும் இல்லாததுதான்.

அதன் பிறகு நான் செய்த முதல் வேலை, வரைபடத்தின் நகலைச் சட்டம் போட்டு விருந்து மேலாளரின் அறையில் மாட்டியது. நீச்சல் குளத்தருகே, மொட்டை மாடியில், அரங்கில் பரிமாறும் எண்ணம் இருந்தால் அந்தப் பகுதிகளைத் தொடக்கத்திலேயே வரைபடத்துக்குள் கொண்டுவந்து அனுமதி கேட்க வேண்டும். பின்னால் சேர்ப்பது புதிதாக விண்ணப்பிப்பதற்குச் சமமான வேலை. 2023 ஏப்ரலில் நிகழ்ச்சிகளுக்கான சிறப்பு உரிமம் பற்றிய திருத்தம் வந்தபோது, திருமண மண்டபங்களையும் அதில் சேர்த்ததற்கு மாநிலம் முழுவதும் எதிர்ப்பு எழுந்து, அந்தப் பகுதி திரும்பப் பெறப்பட்டது. அன்று சிலர் என்னிடம் "இனிமேல் கல்யாணத்துக்கும் கொடுக்கலாமாமே" என்று கேட்டார்கள். செய்தித்தாளின் தலைப்பைப் படித்து மேசை போடக் கூடாது. அரசாணையின் இறுதி வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எதையும் தொடங்க வேண்டும்.

அடுத்தது நட்சத்திரச் சான்று. எஃப்.எல்.3 உரிமம் நட்சத்திரத் தகுதியின் மேல் நிற்பது. அந்தத் தகுதியை வழங்குவது ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்பாட்டுக் குழு. அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். மாநில உரிமமோ ஆண்டுதோறும் மார்ச் 31இல் முடியும். இரண்டும் வெவ்வேறு அரசுகளின் காகிதங்கள் என்பதால் இரண்டு கோப்புகளில் இருந்தன. இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் ஆண்டு சனவரியில் எங்கள் நட்சத்திரச் சான்று காலாவதியானதை, மார்ச் மாதம் புதுப்பித்தல் விண்ணப்பம் தயாரிக்கும்போதுதான் கவனித்தோம். குழு நேரில் வந்து பார்க்க வேண்டும். அதற்குள் அறைகளின் விரிப்பு முதல் சமையலறையின் வடிகால் வரை சரிசெய்ய வேண்டும். அந்த இரண்டு மாதப் பதற்றத்தை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். குழுவின் வருகைக்கே பல மாதங்கள் ஆகலாம் என்பதால், சான்று முடிவதற்கு ஓராண்டு இருக்கும்போதே வேலையைத் தொடங்குவது நல்லது. உரிமையாளர், பங்குதாரர், இயக்குநர் மாறும்போதும் இதே எச்சரிக்கை தேவை. ஓட்டலை விலைக்கு வாங்குகிறவருக்கு உரிமம் தானாக வந்து சேராது. முன் அனுமதி பெற்று மாற்றிக்கொள்ள வேண்டும். "உரிமத்துடன் விற்பனைக்கு" என்ற விளம்பரத்தை நம்பி விலையைக் கூட்டிக் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

மதுக்கூடத்தின் உள்ளே நடப்பவற்றில் நான் அதிக நேரம் செலவிட்டது இருப்புப் பதிவேட்டில்தான். சரக்கு டாஸ்மாக் கிடங்கிலிருந்து மட்டுமே வாங்கப்பட வேண்டும். வந்த சரக்கு, விற்றது, மீதி ஆகியவற்றை வகைவாரியாக, அளவுவாரியாக, அன்றன்று எழுத வேண்டும். முழுப் பாட்டில்களை எண்ணுவது எளிது. திறந்த பாட்டில்தான் வில்லங்கம்.

750 மில்லி பாட்டிலில் 30 மில்லி அளவில் 25 ஊற்று வரும் என்பது கணக்கு. கையில் ஊற்றும்போது 24தான் வரும். பரபரப்பான சனிக்கிழமை இரவில் 23கூட வரலாம். எங்களிடம் இருந்த இளைஞர் ஒருவர், குறைவைச் சரிக்கட்டுவதற்காக, மறுநாள் சில ஊற்றுகளை நூலளவு குறைத்து ஊற்றிவந்தார். அவருக்குத் திருட்டு எண்ணம் எதுவும் இல்லை. பதிவேடு சரியாக இருக்க வேண்டுமே என்ற பயம். ஓர் இரவு மூத்த மதுக்கூடப் பணியாளர் இதைப் பார்த்துவிட்டு அவரைத் தனியே அழைத்து, முத்திரையிட்ட அளவுக் குவளையை விளக்கு வெளிச்சத்தில் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "தம்பி, குறைந்ததைக் குறைந்தது என்று எழுது. திட்டு வாங்கினால் நான் வாங்கிக்கொள்கிறேன். குடிக்க வந்தவனுடைய அளவில் கை வைக்காதே" என்றார். அந்த இளைஞர் "சரிண்ணே" என்று தலைகுனிந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏனென்றால் அந்தப் பயத்தை அவருக்குள் ஏற்படுத்தியது குறைவு எதையும் ஏற்காத என் மாதக் கணக்குதான்.

அன்றிலிருந்து சிந்திய அளவுக்கும் உடைந்த பாட்டிலுக்கும் தனிப் பத்தி வைத்தோம். இரவு மூடும்போது திறந்த பாட்டில்களைத் தராசில் வைத்து எடை பார்த்து, வெற்றுப் பாட்டிலின் எடையைக் கழித்து எழுதினோம். ஒரு பாட்டிலுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. உடைந்த பாட்டிலின் கழுத்துப் பகுதியையும் முத்திரைச் சீட்டையும் தேதி எழுதிய உறையில் போட்டு வைத்தோம். அடுத்து வந்த ஆய்வில் 90 மில்லி வித்தியாசம் இருந்தது. அந்தப் பத்தியையும் உறையையும் காட்டினோம், பார்த்துக் கையொப்பமிட்டுப் போனார்கள். பதிவேட்டில் வித்தியாசமே இல்லாத மதுக்கூடத்தைத்தான் அனுபவமுள்ள அதிகாரி சந்தேகப்படுவார் என்பது என் கருத்து. அளவுக் குவளைகள் எடையளவுச் சட்டத்தின்படி முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். அழகான இறக்குமதிக் குவளையில் அந்த முத்திரை இருக்காது.

விலைப் பட்டியல் (பில்) போடுவதிலும் ஒரு பிழை எளிதில் நேரும். மனிதர் அருந்தும் மது ஜிஎஸ்டிக்குள் வராது. அதற்கு மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி. உணவுக்கும் சோடாவுக்கும் பழச்சாற்றுக்கும் ஜிஎஸ்டி. ஒரே மேசையில் ஒரே நேரத்தில் வைக்கப்படும் இரண்டு குவளைகளுக்கு இரண்டு அரசுச் சட்டங்களின்படி வரி போடவேண்டியிருக்கிறது. விருந்துகளுக்கு "தலைக்கு இவ்வளவு" என்று உணவையும் மதுவையும் சேர்த்து ஒரே தொகை பேசிவிட்டால், பிறகு பிரிக்க முடியாமல் தணிக்கையில் திண்டாட வேண்டியதுதான். விலை பேசும்போதே இரண்டாகப் பிரித்து எழுதிவிட வேண்டும்.

மூட வேண்டிய நாட்களைப் பற்றியும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் திருவள்ளுவர் நாள், குடியரசு நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே நாள், சுதந்திர நாள், மீலாது நபி, காந்தி ஜெயந்தி என்று ஆண்டுக்கு 8 நாட்கள் உண்டு. ஓட்டல் மதுக்கூடங்களுக்கும் இவை பொருந்தும். மீலாது நபி பிறை பார்த்து அறிவிக்கப்படுவது. நாட்காட்டியில் அச்சான தேதியை நம்பி விருந்துக்கு ஒப்புக்கொண்டு, பிறகு ஒருநாள் தள்ளிப்போய் எங்களுக்குச் சங்கடம் நேர்ந்திருக்கிறது. தேர்தலின்போது, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் விற்பனை கூடாது என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. வாக்கு எண்ணும் நாளும் அப்படியே.

வயதில் எந்த விட்டுக்கொடுப்பும் செய்யக் கூடாது. இங்கே வரம்பு 21. கல்லூரி இறுதியாண்டு மாணவர்களில் பலருக்கு 20 வயதுதான் இருக்கும். தோற்றத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு தந்தை தன் மகனின் பிறந்தநாளுக்கு அழைத்து வந்து, மகனுக்கும் பீர் கேட்டார். அடையாள அட்டையில் இருபது நிறைந்திருந்தது. "நான்தான் அவன் அப்பா, எனக்கு இல்லாத கவலை உங்களுக்கு என்ன?" என்று கோபப்பட்டார். பெற்றோர் உடனிருந்தால் பரவாயில்லை என்ற விலக்கு விதியில் இல்லை என்று பணிவாகச் சொல்லி மறுத்தோம். அவர் உணவையும் விட்டுவிட்டு எழுந்து போனார். அன்று பரிமாற மறுத்த பணியாளர் பக்கம் நிர்வாகம் நின்றதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டார் என்பதற்காக அவரைக் கண்டித்திருந்தால், அதற்குப் பிறகு எங்கள் ஊழியர் எவரும் அடையாள அட்டை கேட்டிருக்க மாட்டார்.

இவை எல்லாம் எங்கள் கைக்குள் இருந்தவை. கைக்குள் இல்லாத ஒன்று 2016 டிசம்பர் 15 அன்று வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளி விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாது, 2017 ஏப்ரல் 1க்குப் பிறகு அங்கு உரிமங்கள் தொடரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கும் அதில் ஒன்று. மூன்று மாதங்கள் வரை எங்களைப் போன்றோர், இது சாலையோரக் கடைகளுக்குத்தான், ஓட்டல்களுக்கு அல்ல என்று சொல்லி ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டிருந்தோம். மார்ச் 31 அன்று நீதிமன்றம் கடைக்கும் மதுக்கூடத்துக்கும் வேறுபாடு இல்லை என்று தெளிவாக்கியது; 20,000 பேர் வரை வாழும் உள்ளாட்சிப் பகுதிகளில் மட்டும் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. எங்கள் மதுக்கூடம் சாலையிலிருந்து நாற்பது மீட்டரில் இருந்தது. அன்று இரவு இருப்பை எண்ணிப் பட்டியலிட்டு, அறையைப் பூட்டி முத்திரை வைத்தோம்.

தமிழகத்தில் அந்த ஒரு தீர்ப்பால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. கேரளத்தின் வடக்குப் பரவூரில் ஒரு மதுக்கூடம், நடக்கும் தூரத்தைக் கூட்டுவதற்காக வளைந்து வளைந்து செல்லும் நடைபாதை அமைத்தது செய்தியாக வந்தது. எங்கள் உரிமையாளரிடமும் பின்பக்க வாசல் திறக்கும் யோசனையைச் சிலர் சொன்னார்கள். நான் எதிர்த்தேன். நீதிமன்றத்தின் நோக்கத்தை ஏமாற்றிக் கட்டிய சுவர் அடுத்த ஆணையில் இடிபடும் என்பது ஒரு காரணம். 2015இல் மட்டும் இந்தியச் சாலைகளில் சுமார் 1.46 லட்சம் பேர் இறந்திருந்தார்கள் என்பது இன்னொரு காரணம். எங்கள் வருமானம் போனது உண்மை; பதினோரு பணியாளர்களை அறைப் பராமரிப்புக்கும் உணவகத்துக்கும் மாற்றினோம், இருவர் விலகிப் போனார்கள். ஆனாலும் எங்கள் வாகன நிறுத்துமிடத்தில் இரவு பதினொரு மணிக்குத் தள்ளாடியபடி சாவியைத் தேடியவர்களை நானே பார்த்திருக்கிறேன். தீர்ப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிம இடங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றம் விளக்கியது. அதன் பிறகு உரிய அனுமதிகளைப் பெற்று மீண்டும் திறந்தோம். திறப்பதற்கு முந்தைய நாள், அந்த மூத்த பணியாளர் தச்சரை அழைத்து, மதுக்கூடத்தின் நுழைவாயில் அருகே முப்பது கொக்கிகள் கொண்ட ஒரு பலகை செய்யச் சொன்னார். வாகனத்தில் வருகிறவர் சாவியைக் கொடுத்து எண் வில்லை பெற்றுக்கொள்ள வேண்டும். குடித்தவருக்குச் சாவிக்குப் பதிலாக வாடகைக் கார் அல்லது ஓட்டுநர். இரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்பை வாசலிலேயே தமிழில் எழுதி வைத்தோம். கட்டாயப்படுத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை. முதல் வாரம் பாதிப் பேர் மறுத்தார்கள், சிலர் சண்டை போட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமாக வருகிறவர்கள் கேட்காமலேயே சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். நான் அந்த ஓட்டலை விட்டு வந்த நாளிலும் அந்தப் பலகை அங்கேதான் இருந்தது. அன்று இரவு அதில் ஒன்பது சாவிகள் தொங்கின.